பேர் பதியாத வேலைநாள்: ஊவா மலைக்காடும் சிரமதானமும்

ஊவாவின் வரலாறு இதுவரை பெரும்பாலும் இரு வழிகளிலேயே எழுதப்பட்டு வந்துள்ளது. 1817-18ஆம் ஆண்டுகளின் கிளர்ச்சியை நடுவாகக் கொண்டு எழுதுவது ஒரு வழி. கோப்பி, தேயிலை என்னும் பெருந்தோட்டப் பயிர்களின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு எழுதுவது மற்றொரு வழி. இவ்விரு வரலாறுகளிலும் காடு இடம்பெறாமலில்லை. கிளர்ச்சிக்காரர் ஒளிந்த இடமாகவும் துரைமார் அழித்துத் தோட்டமாக்கிய இடமாகவும் அது வந்து போகின்றது. ஆயினும் அக்காட்டில் நிகழ்ந்த மனித உழைப்பு போதிய அளவு நோக்கப்படவில்லை. மரத்தை வெட்டியவர் யார்? வெட்டிய இடத்தில் பின்னர் மீண்டும் மரம் நட்டவர் யார்? அவர்களுடைய வேலைநாள்கள் எம்முறையிற் பெறப்பட்டன? இன்று பண்டாரவளையைச் சூழ்ந்த மலைகளில் மாணவரும் ஊர் இளைஞரும் விடுமுறை நாளொன்றிற் கூடி ஒரு மரச்சோலையைத் துப்புரவாக்கித் திரும்பும்போது, அவர்கள் செய்வது முற்றிலும் புதியதொரு செயலன்று. அம்மலைகளில் ஊதியமின்றிச் செய்யப்பட்ட வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றோடு வைத்தே சிரமதானத்தை இக்கட்டுரை நோக்க முற்படுகின்றது.

'சிரமதானம்' என்னும் சொல் இன்று தமிழிலும் சிங்களத்திலும் ஒன்றுபோல வழங்குகின்றது. உழைப்பைத் தானமாகக் கொடுத்தல் என்பது அதன் பொருள். 1951இல் வினோபா பாவே தொடங்கிய பூதான இயக்கம் நிலத்தைத் தானமாகக் கேட்டது. அதனைச் சூழ்ந்த காந்திய வட்டாரங்களில் உழைப்பையும் தானமாகக் கேட்கும் கருத்து வளர்ந்தது. இலங்கையில் இதற்கு அமைப்பு வடிவம் கொடுத்தவர், கொழும்பு நாளந்தா கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஏ. ரி. ஆரியரத்ன ஆவார். 1958 டிசெம்பரில் அவர் தம் மாணவரை அழைத்துக்கொண்டு கனதொளுவ என்னும் ஒதுக்கப்பட்ட மக்களின் கிராமத்தில் நடத்திய முகாமே பின்னர் சர்வோதய சிரமதான இயக்கமாக விரிந்தது. அதற்குச் சில மாதங்களின் பின், 1959இல், இங்கிலாந்தின் சரே மாவட்டத்துப் பொக்ஸ் ஹில் என்னும் குன்றில் தொண்டர் குழுவொன்று பற்றைகளை வெட்டும் பணியை ஆரம்பித்தது. இயற்கைப் பாதுகாப்பு வேலைநாள் என இன்று உலகெங்கும் அறியப்படும் வழக்கத்திற்கு அதுவும் ஒரு தொடக்கமாகும். இரண்டும் ஒன்றையொன்று அறியாது பிறந்தவை. அங்கே இலக்காக இருந்தது புல்வெளியும் செடியும். இங்கே இலக்காக இருந்தது ஒதுக்கப்பட்ட மனிதர். மலையகத்துக் காட்டிற் சிரமதானம் நடக்கும்போது இவ்விரு மரபுகளும் ஒரே இடத்திற் சந்திக்கின்றன. எந்த மரபு மற்றையதை விழுங்குகின்றது என்பதிலேயே அவ்வேலையின் தன்மை தங்கியுள்ளது.

இனி, இச்சொல் பிறப்பதற்கு முந்திய நிலையை நோக்குவோம். கண்டி அரசின் கீழ் நிலத்தை அனுபவித்தோர் அதற்கீடாக இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் செய்தனர். 1815இல் கண்டியைக் கைப்பற்றிய பிரித்தானியர் அவ்வூழியத்தை வீதி வெட்டவும் சுமை தூக்கவும் பயன்படுத்திக்கொண்டனர். கோல்புறூக் ஆணைக்குழுவின் ஆய்வை அடுத்து 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. ஆயினும் பதினாறு ஆண்டுகள் செல்வதற்குள் அதன் நிழல் திரும்பி வந்தது. 1848ஆம் ஆண்டின் வீதிக் கட்டளைச் சட்டம் வயதுவந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும், அன்றேல் மூன்று சிலிங் செலுத்தவேண்டும் என விதித்தது. அவ்வாண்டுக் கிளர்ச்சிக்கு அச்சட்டமும் ஒரு காரணமாயிற்று. அந்த வீதிகள் முதன்மையாகப் பயன்பட்டது கோப்பியை இறக்குவதற்கே. பொதுநன்மை என்னும் பெயராற் பெறப்படும் வேலைநாள் யாருடைய நன்மைக்குப் போய்ச் சேருகின்றது என்னும் ஐயம் மலைநாட்டாருக்கு அன்றே தோன்றியிருக்க வேண்டும்.

காட்டின் உடைமை இதற்கு முன்னரே மாற்றப்பட்டிருந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் அத்துமீறற் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாதும் கிடந்த நிலம் அனைத்தும், மறுதலையாக நிறுவப்படும் வரையில், முடிக்குரியது எனக் கொண்டது. உறுதிப் பத்திரம் என ஒன்றையே அறியாத ஊவாக் கிராமத்தவர் எதைக் காட்டி நிறுவுவது? சேனை செய்த மேட்டுநிலமும் மாடு மேய்த்த பத்தனையும் விறகு எடுத்த சோலையும் ஒரே வாக்கியத்தில் அரசிடம் போயின. அரசிடமிருந்து ஏக்கர்க் கணக்கிற் கோப்பித் துரைமாரிடம் போயின.

காடழித்த முறை அக்காலத் தோட்டத்துரைமாரின் எழுத்துகளில் விரிவாகக் காணக்கிடக்கின்றது. சரிவின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு மரத்தையும் பாதியளவே வெட்டிக்கொண்டு செல்வர். உச்சியை அடைந்ததும் மேல்வரிசைப் பெருமரங்களை முற்றாக வெட்டிச் சாய்ப்பர். அவை தம் கீழுள்ளவற்றின் மீது விழ, அவை அடுத்தவற்றின் மீது விழ, மலைச்சரிவு முழுவதும் ஒரே இரைச்சலோடு சரியும். சில வாரங்கள் காயவிட்டுத் தீ மூட்டுவர். இங்கு ஒரு செய்தி மனங்கொள்ளத்தக்கது. கோடரி வேலையைக் குத்தகைக்குச் செய்தோர் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர். எரிந்த நிலத்திற் குழி வெட்டி, கான் வெட்டி, கன்று நட்டோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர். தமிழ்க் கூலிகள் வந்து மலைக்காட்டை அழித்தனர் என்றும், சிங்களக் கிராமத்தவர் சேனையால் அழித்தனர் என்றும் இரு தரப்பிலும் வழங்கும் குற்றச்சாட்டுகளுக்கு வரலாறு முழுமையாக இடங்கொடுப்பதில்லை. கைகள் இருவருடையவை. நிலத்தை விற்ற கையும் வாங்கிய கையும் வேறு.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு வழங்கும் பெயர் 'பேர்' என்பதாகும். தப்பொலி கேட்டு எழுந்து, பெரட்டுக்களத்தில் நின்று, செக்றோலிற் பெயர் பதியப்பட்டால் அன்று 'ஒரு பேர்'. குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்காவிடின் 'அரைப்பேர்'. மனிதனின் நாளை அவன் பெயராலேயே அளக்கும் இவ்வழக்கு வேறெங்கும் இவ்வளவு ஆழமாக வேரூன்றியுள்ளதோ என்பது மொழியியல் மாணவர் ஆராயத்தக்கது. காட்டைப் பொறுத்த வரையில் இதன் விளைவு யாதெனின், அங்கு செய்யப்பட்ட வேலை ஏடுகளில் எண்ணாக மட்டுமே எஞ்சியது.

1869இல் மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைகளிற் செம்மஞ்சட் புள்ளிகள் காணப்பட்டன. இலங்கைக் கோப்பியை ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் வீழ்த்திய இலைநோய் முதன்முதல் அடையாளம் காணப்பட்ட இடம் இவ்வூவா மண்ணே. காட்டைப் பற்றிய கவலை அரச மட்டத்தில் எழுந்ததும் அக்காலத்திலேயே. 1873இல், கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் யோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைத் தொடாது விடவேண்டும் என ஆலோசனை வழங்கினார். பேராதனைத் தாவரவியற் பூங்காவைப் பொறுப்பேற்றிருந்த துவெயிற்சு அளித்த செய்திகள் இதற்குத் துணையாயிருந்தன. இலங்கையின் வனப் பாதுகாப்பு வரலாற்றில் இது பெருமையோடு குறிப்பிடப்படும் நிகழ்ச்சியாகும். ஆனால் ஊவாவில் நின்று நோக்கின் அந்தக் கோடு வேறு விதமாகத் தோன்றும். பண்டாரவளை ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் உள்ளது. அப்புத்தளை அதைவிட உயர்ந்ததாயினும் 5,000 அடியை எட்டவில்லை. எல்லவும் தெமோதரையும் மிகத் தாழ்ந்தவை. இதல்கசின்னவையும் ஒகியவையும் கடந்து மேலே செல்லும் முகடுகளை அக்கோடு காத்தது. மக்கள் வாழ்ந்த ஊவா வடிநிலம் கோட்டிற்குக் கீழேயே விடப்பட்டது.

1885இல் வனக் கட்டளைச் சட்டமும் தொடர்ந்து வனத் திணைக்களமும் தோன்றின. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1894இல் புகையிரதப் பாதை பண்டாரவளையை அடைந்தது. அதே 1894இல், இன்று வனசீவராசிகள் இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாக உள்ள அமைப்பு, வேட்டை விலங்குகளைக் காக்கும் சங்கமாகத் தோன்றியது. இயற்கையைக் காக்கத் தாமாக முன்வந்த முதற் குழுவினர் வேட்டைப் பிரியரான வெள்ளையரே என்பது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். விருப்பத்தோடு ஒரு பொதுப் பணியை மேற்கொள்ள ஓய்வும் உரிமையும் வேண்டும். அக்காலத்து மலைநாட்டில் அவ்விரண்டையும் உடையோர் அவர்களே.

தேயிலை வந்தபின் காட்டிற்குப் புதியதொரு தேவை ஏற்பட்டது. கொழுந்தை வாட்டவும் உலர்த்தவும் தொழிற்சாலைகளுக்கு விறகு வேண்டும். காட்டை அழித்த தோட்டங்களே இதனால் மரம் நடத் தொடங்கின. தோட்டத்தார் சவுக்கு என்று அழைக்கும் கிரெவிலியா தேயிலையிடையே நிழலுக்கும் காற்றுத் தடுப்புக்குமாக வரிசை வரிசையாக நின்றது. தேயிலைக்கு உதவாத மேடுகளில் யூக்கலிப்டஸ் உயர்ந்தது. இன்று நாம் புகையிரத யன்னலூடாகக் கண்டு காடென மகிழ்வதிற் பெரும்பகுதி இவ்வாறு பேர் கணக்கில் நடப்பட்டதே. விதிவிலக்காக எஞ்சிய இயற்கைக் காடுகளும் உண்டு. அப்புத்தளைக்கு அருகே அடிசம் மாளிகையை ஒட்டியுள்ள தங்கமலைக் காடு 1938இற் சரணாலயமாக்கப்பட்டது. நட்ட மரத்தில் நட்டவருக்கு உரிமை இல்லை என்பதைத் தனியே சொல்லவேண்டியதில்லை. லயத்து அடுப்புக்கு விறகு பொறுக்கும் பெண் பல சமயங்களில் அனுமதி பெற்றவளாக அன்றிக் கண்டும் காணாது விடப்பட்டவளாகவே காட்டினுள் சென்று வந்தாள்.

ஊவாவுக்கே உரிய மற்றொரு நிலத்தோற்றம் பத்தனை எனப்படும் புல்வெளியாகும். அது இயற்கையானதா, அன்றித் தீயாலும் சேனையாலும் உண்டானதா என்பது 1899இற் பியர்சன் எழுதிய ஆய்வு முதலாக விவாதிக்கப்பட்டு வருகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளின் மறுபுறத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஆடி ஆவணி மாதங்களில் வறண்ட காற்றாக ஊவாவுக்குள் இறங்குகின்றது. கிழக்கிலங்கையார் கச்சான் என்று கூறுவது இக்காற்றையே. ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் பெற்ற மணத்தைக் கொடுப்பதும் இக்காற்று. மானாப் புல்லில் விழுந்த ஒரு தீப்பொறியை மலை முழுதும் கொண்டு செல்வதும் இக்காற்றே. 1970கள், 80களில் இப்பத்தனைகளிலும் கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிலும் பைன் பெருமளவில் நடப்பட்டது. விரைந்து வளர்ந்து மண்ணை மூடும் என்பது நோக்கம். அது வளர்ந்தது, ஆனால் உதிர்ந்த ஊசியிலைகளும் பிசினும் தீக்கு இரையாயின. புல்வெளியில் என்றும் பசுமையான மரத்தோட்டம் எழுந்தால் நீரோட்டம் குறையும் என்பது பல நாடுகளில் நடந்த ஆய்வுகளின் முடிவு. பைனைப் பழிப்பது இன்று எளிதாயினும், அதனை அப்படியே வெட்டிவிடுதல் மீண்டும் வெறும் சரிவையே தரும்.

இதற்கு மாற்று வழியொன்று பண்டாரவளைப் பகுதியிலேயே முயலப்பட்டது என்பது நம் மாணவர் பலர் அறியாத செய்தியாகும். மிரகவத்தைக்கு அண்மையில் பெலிபொல என்னுமிடத்தில், சூழலியலாளர் ரணில் சேனாநாயக்க 1980களின் தொடக்கத்தில் வளம் குன்றிய நிலமொன்றை எடுத்து, இயற்கைக் காட்டின் அடுக்கமைப்பை ஒத்திருக்கும்படி, ஆனால் மனிதருக்குப் பயன்தரும் மரங்களையும் சேர்த்து, ஒரு சோலையை வளர்க்கத் தொடங்கினார். உயர்மரம், நடுமரம், செடி, கொடி, நிலப்பூண்டு என ஒவ்வோர் அடுக்குக்கும் உரியதை அறிந்து நடுவதே அம்முறை. பின்னர் அது பல வெளிநாடுகளிலும் பின்பற்றப்பட்டது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல், சாவித்திரி குணதிலக்க ஆகியோர் யேல் பல்கலைக்கழகத்தின் மார்க் அஷ்டனுடன் சேர்ந்து சிங்கராசக் காட்டின் ஓரத்திற் செய்த பரிசோதனையும் இதனோடு சேர்த்து எண்ணற்பாலது. பைன் வரிசைகளிற் சிலவற்றை நீக்கி, எஞ்சியவற்றின் நிழலில் நாட்டு மரக்கன்றுகளை வளர்க்கலாம் என அது காட்டியது. இவ்விரு முறைகளுக்கும் பொதுவானதொன்று உண்டு. நட்டுவிட்டுப் போனால் இவை பலிப்பதில்லை. பல ஆண்டுகள் கொடி அறுக்கவும் புல் வெட்டவும் தீ காக்கவும் ஆள் வேண்டும். சிரமதானத்தின் தேவை இங்கேயே எழுகின்றது.

காட்டுக்கும் நீருக்கும் சரிவுக்கும் உள்ள தொடர்பைப் பண்டாரவளை மக்களுக்கு உணர்த்தியது 2014ஆம் ஆண்டு எனலாம். அவ்வாண்டு ஒக்ரோபர் 29இற் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தும் மக்கள் வேறிடத்திற் குடியமர்த்தப்படவில்லை. அதே ஆண்டு டிசெம்பரில், உமா ஓயாத் திட்டத்துக்காக மலையைக் குடைந்த சுரங்கத்தில் நிலத்தடி நீர் பெருக்கெடுத்துப் பாய்ந்தது. பண்டாரவளையைச் சுற்றிய ஊர்களிற் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. வீடுகளின் சுவர்கள் வெடித்தன. 2017இல் மக்கள் பண்டாரவளை வீதிகளில் திரண்டனர். திட்டம் 2024இல் திறந்துவைக்கப்பட்டது. ஊற்றொன்று வற்றுவதைக் கண்ணாற் கண்டவர்கள், எஞ்சியிருக்கும் ஊற்றின் மேலுள்ள சோலையை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினர்.

அத்தகைய சோலையொன்றில் வைகாசி மாத ஞாயிறு ஒன்றில் நடந்த வேலையில் நானும் பங்குபற்றினேன். கீழே ஒரு பீலி. அதன் ஒரு புறத்தில் லயங்கள், மறுபுறத்தில் ஒரு சிங்களக் கிராமம். மேலே பைனும் யூக்கலிப்டஸும் கலந்த சிறு காடு. முந்திய ஐப்பசியில் நடப்பட்ட நாவல், நெல்லி, பலாக் கன்றுகளைச் சுற்றியிருந்த நாயுண்ணிப் பற்றையை அகற்றுவதும், வறட்சி தொடங்குமுன் காட்டின் மேல் ஓரத்தில் மானாவை வெட்டித் தீத்தடுப்பு வழி அமைப்பதும் அன்றைய வேலை. பல்கலைக்கழகத்திலிருந்து சென்ற எங்களில் அநேகருக்குக் கத்தி பிடிக்கும் முறையே லயத்து இளைஞர் காட்டித் தரவேண்டியிருந்தது. கிராமத்து முதியவர் ஒருவர் காற்று வரும் திசையைச் சொல்லி, நாங்கள் கயிறு பிடித்த கோட்டைப் பத்துப் பாகம் மேலே மாற்றினார். எரியக்கூடிய சருகை எந்தப் பக்கம் இழுத்துப் போடுவது என்பதில் அவருக்கும் தோட்டத்தில் நாற்பது ஆண்டு வேலைசெய்த ஒரு தாய்க்கும் வாக்குவாதம் நடந்தது. அவர் சிங்களத்திலும் அவள் தமிழிலும் பேசினர். இருவருக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அந்தத் தாய் தேநீர் வேளையில் என்னிடம், "தம்பி, இன்னைக்குப் பேர் உண்டா?" என்று கேட்டாள். இல்லை, இது சிரமதானம் என்றேன். "அப்ப இந்த விறகு யாருக்கு?" என்றாள்.

அவ்வினா விளையாட்டாகக் கேட்கப்பட்டதன்று. இத்தோட்டங்களில் வாழ்ந்தோரின் பிரசாவுரிமை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பறிக்கப்பட்டது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையிற் பங்கிட்டது. எஞ்சியோரின் நாடற்ற நிலை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெரிதும் நீங்கியது. 1975இற் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் முகாமை மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. இம்மாற்றங்கள் எதிலும் சரிவிலுள்ள சோலை லயத்து மக்களிடம் கையளிக்கப்படவில்லை. எனவே, நகரத்திலிருந்து வருவோருக்குத் தானமாகத் தோன்றும் அரைநாள், ஆறு நாள் பேருக்கு உழைத்து ஏழாம் நாள் ஓயும் தொழிலாளிக்கு வேறு பொருள் தருகின்றது. சோலையைப் பற்றி முடிவெடுப்போர் ஓரிடத்திலும் அதிற் பாடுபடுவோர் வேறோரிடத்திலும் இருப்பின், அந்நாளுக்கும் 1848இன் ஆறு நாள்களுக்கும் உள்ள இடைவெளி நாம் எண்ணுவதிலும் சிறிது. தண்டம் இல்லை என்பது மெய்யே. ஆனால் வேலைக்கு வராத வீட்டை ஊர் நோக்கும் பார்வையும் ஒருவகைத் தண்டமாகலாம்.

மறுபுறம், இத்தகைய வேலைநாளைத் தொழிலாளர் வேண்டாத சுமையாகவே கொள்கின்றனர் என்பதும் பொருந்தாது. அன்று அங்கு அதிகமாக வந்திருந்தோர் லயத்தவரே. பீலி வற்றினால் முதலில் குடம் தூக்கி நடக்கவேண்டியவர் தாமே என்பதை அவர்கள் அறிவர். தீத்தடுப்பு வழியை எங்கே வெட்டுவது என்பதை அவர்களும் கிராமத்தவருமே தீர்மானித்தனர். ஒழுங்கு செய்த மாணவர் வகுத்த திட்டம் காலை ஒன்பது மணிக்கே கைவிடப்பட்டது. என் கருத்தில் அந்நாளின் சிறப்பு வெட்டப்பட்ட பற்றையின் அளவில் இல்லை. அத்திட்டம் கைவிடப்பட்ட முறையிலேயே உள்ளது.

நண்பகலில் வேலை நின்றது. தறித்த கிளைகளும் விழுந்து கிடந்த யூக்கலிப்டஸ் கொம்புகளும் பீலிக்கரையில் நான்கு குவியல்களாக வைக்கப்பட்டன; இரண்டு லயங்களுக்கு, இரண்டு கிராமத்துக்கு. அவற்றை எடுத்துச் செல்லலாமா என்று அன்று சொல்ல அதிகாரமுடைய எவரும் அங்கிருக்கவில்லை. தோட்டத்து இளைஞர் இருவரும் கிராமத்து ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து, துப்புரவு வேலையிற் கிடைக்கும் விறகை அவ்வேலை செய்த வீடுகளுக்கு ஆண்டுதோறும் விடவேண்டும் எனத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு விண்ணப்பம் எழுதினர். முப்பத்தொரு பேர் கையொப்பமிட்டனர்; கையெழுத்திடத் தெரியாத மூவர் பெருவிரல் அடையாளம் வைத்தனர். ஆவணி பிறந்தும் பதில் வரவில்லை. குவியல்கள் வைகாசி முடியுமுன்பே அடுப்புகளுக்குப் போய்விட்டன.